ஒன்றும் நடவாத பிற்பகல்



ஆம்பூரில் நான் பிறந்து வளர்ந்த தெருவுக்கு ஓர் ஓசை உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலையில் பெரிய மர டிரம்கள் சுழலும் ஓசை அது. நாள் முழுவதும் காதில் விழுந்துகொண்டே இருப்பதனால் நாங்கள் அதைக் கேட்பதே இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் தொழிற்சாலைக்கு விடுமுறை. டிரம்கள் நின்றுவிடும். 'ஏதோ ஓர் ஓசை இதுவரை இருந்தது' என்பது அப்போதுதான் எங்கள் காதுக்குத் தெரியவரும். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து செல்வர். மதிய உணவு முடியும். வானொலி நிலையம் தன் மதிய ஒலிபரப்பை முடித்துக்கொண்டதும், தேநீர்க் கடையில் இருந்த வானொலிப் பெட்டியும் வாய் மூடிக்கொள்ளும். அதன் பிறகு மாலை வரையில் ஒன்றும் நடவாது. என் தந்தையார் திண்ணையில் சாய்ந்தபடி மணி என்ன என்று கேட்பார், சொல்வோம். "அவ்வளவுதான் ஆச்சா?" என்பார். நெடுநேரம் கழிந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் கேட்பார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இத்தகைய பிற்பகலை ஒருவர் அரை மணி நேர வானொலி நாடகமாக எழுத முடியுமா? எழுதினால் அதைக் கேட்டு மக்கள் சிரிப்பார்களா? முடியாது என்றுதான் நானும் எண்ணியிருப்பேன். ஆனால் அது நடந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பி.பி.சி. வானொலி 'ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் வீட்டில்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நகைச்சுவை நாடகத்தை ஒலிபரப்பியது. 'ஹான்காக்கின் அரைமணி' என்ற புகழ்பெற்ற தொடரில் அது ஒரு பகுதி. அந்தத் தொடர் 1954 நவம்பரில் தொடங்கி 1959 டிசம்பர் வரையில் வானொலியில் நடைபெற்றது. எழுதியவர்கள் ரே கால்ட்டன், ஆலன் சிம்சன் என்னும் இரு இளைஞர்கள். முதன்மைப் பாத்திரத்தை ஏற்றவர் டோனி ஹான்காக் என்ற நடிகர். பாத்திரத்துக்கும் அவர் பெயரே.

அந்த நாடகத்தின் கதையைச் சொல்கிறேன். சொல்வதற்கு அதிக நேரம் பிடிக்காது. லண்டனை அடுத்த புறநகர்ப் பகுதியில், ரயில் பாதையோரத்துச் சிறிய வீடு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை. கடைகள் மூடியிருக்கின்றன. அந்நாளில் இங்கிலாந்தில் ஞாயிறன்று நாடக அரங்குகளும் திறப்பதில்லை. ஹான்காக்கும் அவருடைய நண்பர்கள் சிட், பில் ஆகியோரும் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள். சமையல் செய்த மிஸ் பியூவும் உடன் இருக்கிறாள். கொட்டாவி விடுகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், மணி கேட்கிறார்கள், நேரம் நகரவில்லை என்று கண்டு வருந்துகிறார்கள். மதிய உணவின் குழம்பு கெட்டியாக இருந்ததைப் பற்றிப் பேச்சு எழுகிறது. சுவரில் ஒட்டிய வண்ணத்தாளின் பூவேலையில் மனித முகம் தெரிகிறது என்று ஒரு கண்டுபிடிப்பு நிகழ்கிறது. பிறகு அண்டை வீட்டுக்காரர் ஒருவர் வந்து சேர்கிறார். அவ்வளவுதான். கொலை இல்லை, காதல் இல்லை, ஆள் மாறாட்டம் இல்லை, காணாமற்போன உயில் இல்லை.

வானொலியில் பணி புரிவோர்க்கு மௌனம் என்றால் அச்சம் என்பதை நீங்கள் அறிவீர்கள். நான்கு நொடி ஓசை நின்றால், கேட்பவர் தம் பெட்டி பழுதாகிவிட்டதோ என்று முள்ளைத் திருப்பத் தொடங்குவார். நிலையத்தார் ஒலிபரப்பும் கருவியைப் பார்க்க ஓடுவார்கள். அந்த மௌனத்தையே இந்நாடகத்தின் ஆசிரியர்கள் கதைப்பொருளாக்கினார்கள். ஒருவர் பெருமூச்சு விடுகிறார், இடைவெளி. மற்றொருவர் முனகுகிறார், மீண்டும் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்திருந்த மக்களின் சிரிப்பு மெல்ல எழுகிறது. பழுதானது பெட்டியன்று, ஞாயிற்றுக்கிழமைதான் என்று வீட்டில் இருந்து கேட்பவருக்கு அந்தச் சிரிப்பு அறிவித்துவிடுகிறது. மேடையிலும் திரையிலும் மனிதர் சும்மா இருப்பதைக் கண்ணால் காட்டலாம். சும்மா இருப்பதை ஒலியால் காட்டியது அரிய செயல்.

இதை நான் முதன்முதலாகக் கேட்டது 1970-களில், கல்லூரி வகுப்பறையில். இந்த நாடகம் இசைத்தட்டாகவும் வெளிவந்திருந்தது. எங்கள் ஆங்கில ஆசிரியர் அந்தத் தட்டை எங்கிருந்தோ தேடிப் பெற்று, ஒரு பிற்பகல் வகுப்பில் சுழலவிட்டார். அறுபது மாணவர்களும் ஏதேனும் நடக்கும் என்று காத்திருந்தோம். கதை இன்னும் தொடங்கவில்லை என்பதே எல்லோருடைய எண்ணம். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ மணி கேட்கப்பட்டபோது எனக்கு என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் சிரித்தவன் நான் ஒருவனே. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வேகமான ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை என்பதே உண்மை. ஆயினும் அந்தத் திண்ணையை நான் அறிவேன். மணி கேட்டவர் என் தந்தையார்.

நான் அவ்வளவு சிரித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்நாடகத்தின் பெருமையை விளக்க என்னால் இயலாது.

அதற்குச் சில திங்கள் முன்பு எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு விழா நடந்தது. பல குரலில் பேச வல்ல மாணவன் ஒருவன் ரயில் பயணத்தை நடித்துக் காட்டினான். இரவு நேரம், பெட்டியில் எல்லோரும் உறங்குகிறார்கள். எந்த நிலையம் வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. திடீரென்று ஒருவர் விழித்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பூர் வந்துவிட்டது, சன்னலை மூடுங்கள்!" என்று அலறுகிறார். அரங்கம் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே சிரித்தேன். மறுநாள் காலையில் என் சட்டையை இருமுறை சோப்புப் போட்டுத் துவைத்தேன். இத்தனைக்கும் அந்தச் சட்டை ஆம்பூரைக் கண்டதே இல்லை. கல்லூரி இருந்த ஊரிலேயே வாங்கியது.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று வகுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. வகுப்பில் இதைப் படித்தபோது, விடுதி விழாவில் நான் சிரித்த சிரிப்புக்கு நம் முன்னோர் இடம் ஒதுக்கி வைத்திருந்ததைக் கண்டு வியந்தேன். இகழப்பட்டவனும் சிரிக்கிறான். அவன் சிரிப்பதைக் கண்டு, 'இவனுக்கு நோகவில்லை' என்று மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். பல நகைச்சுவைகள் தம்மைக் காத்துக்கொள்வது இந்தச் சான்றிதழைக் காட்டித்தான்.

இந்த அளவுகோலை வைத்து ஹான்காக்கின் பிற்பகலைப் பாருங்கள். அங்கே நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? மழையைக் குறை கூறி, சோற்றைக் குறை கூறி, நண்பர்களைக் குறை கூறி, எவர் எந்த யோசனை சொன்னாலும் தட்டிக்கழித்துவிட்டு, பொழுது போகவில்லையே என்று புலம்பும் ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறோம். உலகம் தம் மேதைமையை உணரவில்லை என்பது அவருடைய நிலையான வருத்தம். அவர் பிறந்த குடியைப் பற்றியோ, செய்யும் தொழிலைப் பற்றியோ, உடலின் குறையைப் பற்றியோ அந்தப் புலம்பலில் நகை எழவில்லை. அவருடைய வீண் பெருமையிலிருந்தே எழுகிறது. பேதைமையும் மடனும் என்று தொல்காப்பியனார் குறித்த களன்கள் இவையே. வீண் பெருமை எல்லோரிடத்தும் உண்டு. ஆகவே சிரிக்கும்போது நாமும் அந்த அறைக்குள் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம்.

பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவை எல்லாமே இவ்வாறு இருந்தது என்று சொல்ல வரவில்லை. அதே காலத்தில், 1951 முதல் 1960 வரையில், 'தி கூன் ஷோ' என்ற நிகழ்ச்சி பெரும்புகழ் பெற்றது. அதன் முதன்மை ஆசிரியர் ஸ்பைக் மில்லிகன் 1918-இல் நம் நாட்டு அகமத்நகரில் பிறந்தவர். கற்பனை வளத்தில் அந்த நிகழ்ச்சிக்கு இணை காண்பது அரிது. ஆயினும் அதில் மில்லிகனும் பீட்டர் செல்லர்ஸும் இந்தியர் ஆங்கிலம் பேசும் முறையைப் போலிசெய்து சிரிப்பூட்டிய இடங்கள் உண்டு. நம்மவர் அவற்றைக் கேட்கும்போது, ரயில் பெட்டியில் மூக்கைப் பிடித்தவரைக் கண்ட ஆம்பூர்க்காரனின் நிலையைச் சற்றே அடைவர். நம் தமிழ்த் திரைப்படங்களிலும் மேடைகளிலும் இவ்வகைச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஊர்ப் பேச்சையும் உடல் நிறத்தையும் உழைப்பவன் கோலத்தையும் காட்டிச் சிரிக்க வைத்தவர்கள் நம்மிடையே பலர்.

கால்ட்டனும் சிம்சனும் இந்தப் பார்வையை எங்கே பெற்றார்கள்? அவர்கள் சந்தித்தது 1948-இல், சர்ரே மாவட்டத்தின் மில்ஃபோர்டு காசநோய் மருத்துவ மனையில். இருவருக்கும் அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. அந்நாளில் காசநோய்க்கு நீண்ட படுக்கையே பெரிய சிகிச்சை. நம் வட ஆர்க்காட்டுக்கு அண்மையில், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்திலும் நோயாளிகள் அவ்வாறே திங்கட்கணக்கில் படுத்திருந்தார்கள். மருந்து உட்கொண்டு வீட்டில் இருந்தபடியே குணமடையலாம் என்பதை, சென்னையில் 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம் 1959-இல் உலகுக்குக் காட்டியது. அதற்குமுன் இளமையில் அந்நோய் கண்டவர்களுக்கு நாள் என்பது ஒரு கூரையும் ஒரு சாளரமும்தான். மில்ஃபோர்டில் நோயாளிகளுக்கென்றே ஓர் உள் வானொலி இருந்தது. அதற்காக இந்த இருவரும் சிறு நகைச்சுவைகளை எழுதத் தொடங்கினார்கள். நேரம் நகராமல் நிற்பதை அவர்கள் படுக்கையில் கிடந்து கற்றார்கள். கேட்பவர்களும் அவர்களைப் போன்ற நோயாளிகளே. பக்கத்துக் கட்டிலில் இருமிக்கொண்டிருப்பவனை இகழ்ந்து அங்கே நகைச்சுவை எழுத முடியுமா? தங்கள் எல்லோருக்கும் பொதுவான அவல நிலையைக் காட்டித்தான் சிரிக்க வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாடகத்தின் வேர் அந்தக் கட்டில்களில் இருக்கிறது என்பது என் துணிபு.

இசைத்தட்டைக் கேட்ட அன்றிரவே நானும் ஒரு நாடகம் எழுத அமர்ந்தேன். ஹான்காக்கைப் பின்பற்றுவதாகத்தான் நினைப்பு. எழுதி முடித்துப் பார்த்தால், அதில் ரயிலை நடித்த அந்த மாணவனின் ஊர்ப் பேச்சு, அவன் நடை, அவன் உண்ணும் முறை எல்லாம் கேலிக்கு ஆளாகியிருந்தன. நன்றாக எழுதியிருந்தேன், இன்றும் அதை மறுக்கமாட்டேன். விடுமுறைக்கு ஊர் சென்றபோது, ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், திண்ணையில் இருந்த தந்தையாருக்கு அதைப் படித்துக் காட்டினேன். நடந்த கதையையும் சொன்னேன். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து, இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் முடியையும் சதையையும் வழித்தெடுப்பது அவர் வேலை. விரல் நுனிகளில் சுண்ணாம்பு அரித்த தடம் எப்போதும் இருக்கும். கடைசி வரையில் அமைதியாகக் கேட்டார். சிரிக்கவில்லை.

"அந்தப் பையனோட அப்பா என்ன வேலை செய்யறார்?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா" என்றேன்.

"அவனுக்கு என்னைத் தெரியாது, சிரிச்சான். உனக்கு அவரைத் தெரியாது; நீயும் சிரிக்கிறே. இதிலே எது நல்லா இருக்குன்னு என்னைக் கேட்கிறே?" என்றார். பிறகு வழக்கம்போல் மணி என்ன என்று கேட்டார்.

கல்லூரி திறந்ததும் அந்த மாணவனிடம் சென்று, "உன் அப்பா என்ன தொழில் செய்கிறார்?" என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "கருவாட்டு வியாபாரம்" என்றான். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தோம். அவனும் முதலாண்டில் சட்டையை இருமுறை துவைத்தவன்தான் என்பது பின்னர் தெரிந்தது.

பழைய நாடகத்தைக் கிழித்துவிட்டேன். ஆம்பூரில் ஒரு வெள்ளிக்கிழமை என்று புதிதாக ஒன்றை எழுதினோம். எழுதினோம் என்றேன், அவனும் உடன் இருந்தான். திண்ணையில் ஒரு தந்தை; மணி சொல்லும் மகன்; தம்மைப் பெரிய அரசியல் ஞானி என்று நினைக்கும் மாமா; கடன் கேட்க வந்து, கேட்கக் கூச்சப்பட்டு, மழை வருமா என்று வானத்தைப் பற்றியே பேசும் அண்டை வீட்டார். அண்டை வீட்டாராக அவனே நடித்தான். பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். முதல் ஐந்து நிமிடம் அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருவர் எழுந்தே போய்விட்டார்கள். நான்காம் முறை மணி கேட்கப்பட்டபோது ஒரு மூலையில் சிரிப்பு எழுந்தது. பிறகு அது பரவியது. விழா முடிந்தபின் ஒரு மாணவன் என்னிடம் வந்து, "எங்கள் வீட்டிலும் இப்படித்தான்" என்றான். அவன் ஊர் தஞ்சைப் பக்கம். தோல் தொழிற்சாலையை அவன் கண்டதும் இல்லை.

தோல் தொழிலில் நாற்றம் உண்டு என்று சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கழிவுநீரால் பாலாறு கெட்டது உண்மை. அதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் குறை, அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவர்களை நோக்கிச் சென்றது. எங்கள் விடுதி விழாவில் எழுந்த சிரிப்போ, குழியருகே நின்று அந்த நாற்றத்தை முதலில் சுவாசிப்பவனை நோக்கிச் சென்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

ஹான்காக் 1968-இல், 44-ஆம் வயதில், சிட்னி நகரில் மறைந்தார். சிம்சன் 2017-இலும் கால்ட்டன் 2018-இலும் காலமானார்கள். இங்கிலாந்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் திறந்திருக்கின்றன. அந்தப் பழைய ஞாயிறு அங்கேயே இல்லை. ஆம்பூரிலும் தோலை மட்டும் அனுப்பிய காலம் மாறி, காலணிகள் தைக்கப்படுகின்றன. பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பணியில் இருக்கிறார்கள். 2019 முதல் எங்கள் ஊர் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. என் தந்தையாரும் இல்லை. திண்ணையை இடித்து அறையாக்கிவிட்டோம்.

மாணவ மணிகளே, நீங்கள் எழுத விரும்பினால் பெரிய நிகழ்ச்சி ஒன்று வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஒன்றும் நடவாத ஒரு பிற்பகலில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். யார் எதை இரண்டாம் முறை கேட்கிறார், யார் எதைச் சொல்ல வந்து வேறொன்றைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். எழுதியபின், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கே அதைப் படித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தாலும் அவசரப்பட்டு மகிழ்ந்துவிடாதீர்கள்; சிரிப்பில் இரண்டு வகை உண்டு என்பதைப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் அவர் சட்டையை எத்தனை முறை துவைக்கிறார் என்று பாருங்கள்.